இழை: ஃபாரின் டாக்ஸ் கிரெடிட் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

ம.:
அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் ஒப்பந்த வேலைக்குப் போனவர்கள் அந்த வருமானத்தைச் சொந்த நாட்டில் காட்டி வரிக்கணக்கு தாக்கல் செய்வதற்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம்' பழகிய சொல், அதில் சிக்கல் இல்லை. அங்கே கட்டிய வரியை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் ஃபாரின் டாக்ஸ் கிரெடிட்டில்தான் நிற்கிறேன். பழைய பதிப்பில் 'வரிக் கழிவு' என்றிருக்கிறது. வருமானத்தில் கழிக்கும் டிடக்‌ஷனுக்கும் அதே சொல்.

வாசித்துக் காட்டியபோது ஒருவர் சம்பளச் சீட்டை விரித்து, பிடித்தம் என்ற இடத்தில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "அங்கேயே பிடிச்சிட்டாங்க. கழிவுன்னா இதை எதுல கழிக்கிறது?" என்னிடம் பதில் இருந்தது, சொல் இல்லை.

க.:
அவர் கேட்டதுதான் கேள்வி. வருமானம் 1,000, அங்கே பிடித்தது 200, இங்கே வரி 30 விழுக்காடு என்று வையுங்கள். வரியில் கழித்தால் 300இல் 200 போக மீதி 100தான் கட்டுவார். வருமானத்தில் கழித்தால் 800க்கு 30 விழுக்காடு, 240 கட்டுவார். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் 140 அவர் கையை விட்டுப் போகும்.

'வரி விலக்கு' என்றும் எழுதிவிடாதீர்கள். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பு) வகுத்த மாதிரி வரி ஒப்பந்தத்தில் விலக்கு முறை 23அ பிரிவு, கிரெடிட் முறை 23ஆ பிரிவு. இரண்டும் வேறு வேறு.

செ.:
பற்று, வரவு என்றுதானே கணக்குப் பதிவியலில் படித்தோம்? 'அயல்வரி வரவு' போதாதா?

க.:
வரவு என்றால் பணம் கைக்கு வரும் என்று நினைப்பார்கள். மேலே சொன்ன கணக்கில் அங்கே 400 பிடித்திருந்தால், இங்கே 300 வரைதான் சரிக்கட்ட முடியும். மிச்சம் 100 பெரும்பாலும் திரும்ப வராது. சில நாடுகளில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். 'வரிக் கடன்' வேண்டவே வேண்டாம். பாக்கி வைத்திருப்பதாகப் பயந்துவிடுவார்கள்.

இரா.:
அன்பர்களே, வள்ளுவரிடமே விடை இருக்கிறது. 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' (குறள் 733). இறை என்றால் வரி. நேர்தல் என்றால் மனமொப்பிக் கொடுத்தல். நேர் என்பதற்குச் சமம் என்ற பொருளும் உண்டு. கணக்கை 'நேர் செய்கிறோம்', கோயிலில் 'நேர்த்திக்கடன்' செலுத்துகிறோம். கொடுத்ததும் சமன் ஆவதும் ஒரே வேரில் நிற்கின்றன. 'இறைநேர்வு' என்போம். வரி என்ற சொல்லுக்குக் கோடு, பாட்டு என்று பல பொருள், இறை தெளிவானது.

சுங்கத்துக்கு 'உல்கு' இருந்தது (குறள் 756). பட்டினப்பாலையிலும் உல்கு வருகிறது. 'புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' பட்டினம் என்று அங்கேயே பிற நாட்டார் குடியிருப்பும் வருகிறது. உல்கை விட்டுவிட்டோம். இறையையாவது காப்பாற்றுவோம்.

செ.:
ஐயா, இறை என்றால் இன்று எல்லோருக்கும் கடவுள்தான். 'இறைநேர்வு' என்று படிவத்தில் பார்த்தால் வேண்டுதல் என்று நினைப்பார்கள். 'நேர்வு' அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்று வேறு பொருளில் ஓடுகிறது. நேர்முக வரியும் குறுக்கே வரும். 'ஈடு' பாருங்கள். இடு – ஈடு, சுடு – சூடு போல முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஈடுகட்டு, இழப்பீடு என்று மக்கள் வாயில் இருக்கிறது.

இரா.:
ஈடு வைத்தல் அடகுக்கும் சொல்லாயிற்றே. வெளியூரில் உழைத்துவிட்டு வந்தவரிடம் 'உங்கள் வரியை ஈடு வையுங்கள்' என்பதா? ஈடு என்றால் முழுதும் ஈடாகிவிட்டது என்றும் தொனிக்கிறது. க. அவர்கள் சொன்ன அந்த 100 ஈடாகவில்லையே.

த.:
புதுச்சொல் எதற்கு? 'வரியில் கழிப்பது', 'வருமானத்தில் கழிப்பது' என்று வேற்றுமை உருபைச் சேர்த்தாலே முடிந்தது. கட்டைவிரலை வைத்துக் கேட்டவருக்கு இது உடனே புரியும்.

ம.:
த. சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் படிவத்தின் கட்டத்துக்குத் தலைப்பாக ஒரு பெயர்ச்சொல் வேண்டும். சரி, நாளை கொடுத்தாக வேண்டும் என்பதால் 'அயல்வரி ஈடு' என்று போடுகிறேன். அடியில் 'வெளிநாட்டில் கட்டிய வரியை, இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது; வருமானத்தில் அல்ல' என்று ஒரு வரி. ஐயா மன்னிக்க வேண்டும்.

இரா.:
மன்னிப்பு எதற்கு அம்மா. அச்சுக்கு அனுப்புங்கள். என் வாக்கு நேர்வுக்குத்தான், அதைப் பதிந்து வையுங்கள்.

க.:
எனக்கு ஈடு சரி. இன்னொன்று: சொல்லடைவில் டாக்ஸ் ரெசிடெண்டுக்கு (வரிக்காக ஒரு நாடு தன்னவர் என்று கொள்பவர்) '183 நாள் வாசி' என்று கண்டேன். எடுத்துவிடுங்கள். மாதிரி ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவில், வேலை செய்த நாட்டில் 183 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது மூன்று நிபந்தனைகளில் ஒன்றுதான். சம்பளம் தரும் முதலாளி வேலை செய்த நாட்டவராக இருக்கக்கூடாது, அங்குள்ள நிலையான கிளை அந்தச் சம்பளத்தைச் சுமக்கக்கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்த நாட்டில் வரி இல்லை. இரு நாடும் ஒருவரைத் தன்னவர் என்றால் 4ஆம் பிரிவு முதலில் நிலையான வீட்டைத்தான் பார்க்கிறது, நாள் கணக்கை அல்ல.

த.:
அப்படியென்றால் 'வரிக்குடி'?

இரா.:
குடி! இதைப் பற்றி இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.