முதல் லேப்டாப்: பேட்டரிக்கு என்ன செய்ய வேண்டும்?

புதுமுகம்:
முதல்முறையாக லேப்டாப் வாங்கியிருக்கிறேன். ஆன் செய்யும் முன் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்கிறார்கள், எப்போதும் செருகியே வைத்தால் பேட்டரி போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

மின்மினி:
எட்டு மணி நேரக் கதை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தது. இப்போது வருவது லித்தியம் அயான், அந்தச் சடங்கெல்லாம் வேண்டாம். அதை முக்கியமாகக் கெடுப்பது சூடும், 100 சதவீதத்திலேயே நாள்கணக்கில் நிற்பதும்தான், அதனால் பெரும்பாலும் செருகியே வேலை செய்பவர் என்றால் செட்டிங்ஸிலோ பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் போட்டுவிட்டு மறந்துவிடலாம். மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள், காற்று போகும் வழி அடைபடும்.

கடைசிபெஞ்ச்:
அடிக்கடி 0 வரை இறக்கவும் வேண்டாம். அப்புறம், விண்டோஸ் என்றால் முதலில் அப்டேட்டுகளை முடித்துவிட்டு, கூடவே வந்த ட்ரையல் ஆன்டிவைரஸைத் தூக்கிவிடுங்கள், விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸே போதும். பிட்லாக்கர் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆனில் இருந்தால், பூட்டைத் திறக்க உதவும் ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வையுங்கள். இதை யாரும் சொல்வதில்லை, பூட்டிக்கொண்ட பிறகுதான் தேடுவார்கள்.

புதுமுகம்:
80 போட்டுவிட்டேன். பயணம் போகும் நாளில்?

மின்மினி:
தாராளமாக 100 ஏற்றிக்கொள்ளுங்கள், ஒரு நாளில் ஒன்றும் ஆகாது.