‘நெட் ஜீரோ’வுக்குத் தமிழ்: நிகரச்சுழி என்பது என் பரிந்துரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களின் அளவிலிருந்து உறிஞ்சி அகற்றும் அளவைக் கழித்தால் மிச்சம் ஒன்றும் இல்லாத நிலைதான் ‘நெட் ஜீரோ’. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: பூஜ்ஜிய உமிழ்வு, கரிமச் சமநிலை, நிகர பூஜ்ஜியம், தேறிய பூச்சியம், ஈடுசமன். ஐந்துக்கும் வாதாட ஆள் இருக்கிறார்கள். நான் ஆறாவதாக ‘நிகரச்சுழி’யைக் கொண்டுவருகிறேன். எந்தச் சொல் காதுக்கு இனிமை என்று பேசினால் இந்த இழை பொங்கல் வரைக்கும் ஓடும். அதனால் இந்தச் சொல்லை வைத்து நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஓர் இடத்தில் ஆறையும் உரசிப் பார்த்தேன். அந்த இடம் பிரிட்டன் நாடாளுமன்றம். அங்கே இது சட்டத்தில் இருக்கிறது, ஓர் அமைச்சகத்தின் பெயரிலேயே இருக்கிறது, இப்போது எதிர்க்கட்சி இதைத் தூக்கி எறிவேன் என்கிறது. எந்தத் தமிழ்ச் சொல்லானாலும் அந்த அவையின் இரண்டு பக்கத்தாரின் வாயிலும் நுழைய வேண்டும்.

முதலில் சட்டம். 2008-இல் வந்த பருவநிலை மாற்றச் சட்டம், 1990-ஆம் ஆண்டு அளவை அடிப்படையாக வைத்து 2050-க்குள் நாட்டின் பசுமைக்குடில் வாயு உமிழ்வை 80 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது. அன்று எதிர்த்து வாக்களித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2019 ஜூன் 24 அன்று கீழவை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசி, 80-ஐ 100 ஆக்கும் ஆணையை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மூன்று நாளில் அது சட்டமாகிவிட்டது. பிரதமர் தெரசா மே பதவி விலகலை அறிவித்துவிட்டுக் கடைசி வாரங்களை எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு நாட்டின் எரிசக்திக் கொள்கையையே திருப்பிப்போடும் மாற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதுமா என்ற கேள்வியை எதிர்ப்பாளர்கள் இன்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் வேலைக்கு வேண்டியது அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு. 2050-ஆம் ஆண்டுக்கான ‘நிகர ஐக்கிய இராச்சியக் கரிமக் கணக்கு’ 1990-இன் அடிப்படை அளவைவிடக் குறைந்தது 100 விழுக்காடு கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அமைச்சரின் கடமை என்கிறது அது. கவனியுங்கள், அந்த வரியில் ‘ஜீரோ’வே கிடையாது. ‘நிகர’ இருக்கிறது, ‘கணக்கு’ இருக்கிறது. பாரிஸ் உடன்படிக்கையிலும் ‘நெட் ஜீரோ’ என்ற தொடர் இல்லை. வெளியிடும் வாயுக்களுக்கும் உறிஞ்சி அகற்றும் வாயுக்களுக்கும் இடையே, இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு சமநிலை வேண்டும் என்றுதான் அதன் நான்காம் உறுப்பு சொல்கிறது. மேடைக்கும் தலைப்புச் செய்திக்கும் வசதியாக வந்து ஒட்டிக்கொண்டது ‘ஜீரோ’. கருத்தின் உயிர் ‘நெட்’டில் இருக்கிறது. அதனால் ‘பூஜ்ஜிய உமிழ்வு’ என்ற முதல் பரிந்துரையைத் தயங்காமல் நீக்கிவிடலாம். இடம் போதவில்லை என்று ‘நிகர’வை வெட்டும் தலைப்பு, ஒரு நாடு எதையுமே எரிக்கப் போவதில்லை என்று வாசகரை நம்பவைக்கிறது. அப்புறம் அந்த நாடு எரிவாயுக் கிணற்றுக்கு உரிமம் கொடுத்தால் அவருக்குத் தலை சுற்றாதா?

அடுத்து ‘கரிமச் சமநிலை’. நல்ல தமிழ்தான், பாரிஸ் உடன்படிக்கையின் வாசகத்துக்கும் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் இதை ஏற்கெனவே ‘கார்பன் நியூட்ரல்’ என்பதற்கு வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டு அரசு 2070-க்கு முன்பே எட்டுவோம் என்று அறிவித்தது இந்தச் சமநிலையைத்தான். அதோடு, ‘கரிம’ என்றதும் கரியமில வாயு மட்டும்தான் நினைவுக்கு வரும். பிரிட்டன் சட்டமோ கரியமில வாயுவோடு மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு, புளூரின் கலந்த வாயுக்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கெடுக்கிறது. அந்தச் சட்டமே ‘கார்பன் கணக்கு’ என்றுதானே சொல்கிறது என்று நம் குழுவின் மருத்துவர் ஐயா கேட்கலாம். உண்மைதான். ஆனால் எல்லா வாயுக்களையும் கரியமில வாயுவுக்கு இணையான அளவாக மாற்றிச் சொல்கிறோம் என்று வரையறையும் தருகிறது. செய்தி படிப்பவர் வரையறைப் பிரிவைத் தேடிப் போகப் போவதில்லை. இது வெறும் நுணுக்கமும் இல்லை. நியூசிலாந்தின் 2019 சட்டம் ஆடுமாடுகளின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனுக்குத் தனி இலக்கு வைத்துவிட்டு, மற்ற வாயுக்களுக்கு மட்டும் 2050-க்குள் நெட் ஜீரோ என்றது. அங்கே விவசாயிகளுக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியே எந்த வாயு கணக்கில் வரும் என்பது பற்றித்தான். சொல்லுக்குள்ளேயே ‘கரிம’ உட்கார்ந்திருந்தால் இந்த விவாதத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

‘ஈடுசமன்’ எனக்கு மிகவும் பிடித்தது, அழகான ஆக்கம். இருந்தாலும் அதை ஏற்க முடியவில்லை. ‘ஈடு’ என்றதும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைச் சரிக்கட்டுவது நினைவுக்கு வருகிறது, ‘இழப்பீடு’ மாதிரி. 2019-இல் அரசுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டனின் பருவநிலை மாற்றக் குழு, வெளிநாட்டிலிருந்து கரிம வரவுகளை (வேறிடத்தில் குறைத்த உமிழ்வுக்கான சான்றுகளை) விலைக்கு வாங்காமல் உள்நாட்டு முயற்சியிலேயே இலக்கை எட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசோ, வாங்கும் வழியைத் திறந்தே வைத்துக்கொண்டது. ‘ஈடுசமன்’ என்று மொழிபெயர்த்தால் அரசுத் தரப்பு பாதி வென்றுவிடும், ஈடுகட்டுவதுதான் சாரம் என்று சொல்லே சொல்லிவிடுவதால். விவாதத்தில் யார் பக்கமும் சாயாத சொல்தான் கலைச்சொல்லாக நிற்கும்.

இனி ‘நெட்’ என்பதைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். யார்க்‌ஷயரில் ட்ராக்ஸ் என்று ஒரு மின் நிலையம். ஒரு காலத்தில் மலைமலையாக நிலக்கரியை எரித்தது, இப்போது மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு உருளைகளை எரிக்கிறது. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. புகைபோக்கியிலிருந்து கரியமில வாயு வெளியேறத்தான் செய்கிறது. ஆனால் பிரிட்டனின் மின்துறைக் கணக்கில் அந்த வாயு சுழி என்றே பதிவாகும். மரம் வெட்டிய நாட்டின் நிலப்பயன்பாட்டுக் கணக்கில் அது ஏறுவதாக விதி, இரண்டு முறை எண்ணக் கூடாது என்பதற்காக. வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர எத்தனை பத்தாண்டு ஆகும், அதுவரை காற்றில் இருக்கும் வாயுவுக்கு யார் பொறுப்பு என்று உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள், மானியத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். இறக்குமதிப் பொருள்களின் கதையும் இதுதான். உருக்கு சீனாவில் வார்க்கப்பட்டால் உமிழ்வு சீனாவின் ஏட்டில். அந்தச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒன்றாக உமிழ்வுக்கு வரம்பு வைக்கிறார்கள். பன்னாட்டு விமானமும் கப்பலும்கூட அவற்றில் முதல் ஐந்து வரம்புகளில் சேரவில்லை. 2033 முதல் 2037 வரையிலான ஆறாவது வரம்பில்தான் உள்ளே வந்தன. எதை எந்த ஏட்டில் எழுதுவது என்பதே அரசியல். ‘நெட்’டை இறக்கிவைக்கும் தமிழ்ச் சொல் இந்த ஏட்டு வாசனையோடு இருக்க வேண்டும்.

அந்த வாசனை நம்மிடம் இரண்டு சொற்களுக்கு இருக்கிறது. ஒன்று தமிழ்நாட்டின் ‘நிகர’: நிகர லாபம், நிகர மதிப்பு. அரிசி மூட்டையில் ‘நிகர எடை’ என்று அச்சடித்திருப்பதைப் படிக்காதவர் யாருமில்லை, சாக்கின் எடை போக மிச்சம் என்பது எல்லாருக்கும் புரியும். இன்னொன்று இலங்கைக் கணக்கியலின் ‘தேறிய’: தேறிய இலாபம். கொழும்பிலிருந்து எழுதிய அக்கா சொன்னதுபோல, கழித்தது போகக் கையில் மிஞ்சியது என்ற பொருளுக்கு ‘தேறிய’ இன்னும் கச்சிதம். லண்டனில் தமிழ் படிப்போரில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து போனவர்கள், அவர்கள் வளர்ந்தது இந்தச் சொல்லோடு. என் தயக்கம் ஒன்றே ஒன்று. தமிழ்நாட்டில் ‘தேறிய’ என்றால் பரீட்சையில் தேறியது, அல்லது காய்ச்சலில் இருந்து உடம்பு தேறியது. அகராதியில் ‘நிகரச்சுழி’யைத் தலைச்சொல்லாகவும் ‘தேறிய பூச்சியம்’ என்பதை இலங்கை வழக்கு என்று குறித்து இணைச்சொல்லாகவும் போட்டுவிடலாம். இரண்டு வழக்கையும் ஒரே வரியில் வைக்க நமக்குக் கூச்சம் தேவையில்லை.

‘நிகர்’ என்றால் ஒப்பு என்றல்லவா பொருள், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறதே என்று ஒருவர் ஆட்சேபித்திருந்தார். இங்கே அந்தப் பொருளும் கெடுதல் செய்யவில்லை. வெளியிட்டதும் உறிஞ்சியதும் நிகராகும் நிலை என்று படித்தாலும் கருத்து பிசகாது.

பூஜ்ஜியமா சுழியா? ‘பூஜ்ஜியம்’ எல்லாருக்கும் தெரியும், செய்தித்தாளில் ‘நிகர பூஜ்ஜியம்’ என்றே போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தொகைச் சொற்கள் கட்ட அது கனமாக இருக்கிறது. ‘நிகரப்பூஜ்ஜியத்திற்கெதிரான’ என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். ‘சுழியம்’ என்றாலும் ‘அத்து’ வந்து ஒட்டிக்கொள்ளும். ‘சுழி’ சின்னது, இசைந்து போகிறது: நிகரச்சுழி இலக்கு, நிகரச்சுழியை எட்டுதல், நிகரச்சுழிக்கான செலவு. ஒற்று மிகுவது எப்படி என்றால், ‘நிகரம்’ என்பதைப் பெயராகக் கொண்டு மரச்சட்டம் போலச் சேர்த்திருக்கிறேன். கூடுதல் லாபமாக, சூழல் போராளிகள் கேட்கும் ‘ரியல் ஜீரோ’வுக்கு ‘மெய்ச்சுழி’ என்று ஒரு சோடி கிடைக்கிறது. கழித்தல் கணக்கெல்லாம் வேண்டாம், எரிப்பதையே நிறுத்து என்பது அவர்கள் வாதம். நிகரச்சுழியா மெய்ச்சுழியா என்று தலைப்பிட்டாலே சண்டை என்னவென்று தெரிந்துவிடும்.

சுழிக்கு வேறு பொருள்களும் உண்டு என்பதை மறக்கவில்லை. ஆற்றுச் சுழி, பிள்ளையார் சுழி, தலைச்சுழி, ‘அவன் சுழி அப்படி’ எல்லாம் இருக்கின்றன. கேலி செய்ய வசதிதானே என்கிறீர்களா? இருக்கட்டும். இதை எதிர்க்கும் பிரிட்டனின் ரிஃபார்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸ் ஆங்கிலத்திலேயே ‘நெட் ஸ்டுப்பிட் ஜீரோ’ என்று நக்கலடிக்கிறார். தமிழ் மேடையில் ‘நிகர முட்டை’ என்பார்கள், கேட்டுக்கொள்வோம்.

இரண்டு பக்கத்தார் வாயிலும் நுழைகிறதா என்ற சோதனை பாக்கி. 2019-இல் அந்த ஆணையில் கையெழுத்திட்ட இணையமைச்சர் கிறிஸ் ஸ்கிட்மோர், புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்களுக்கான மசோதாவை எதிர்த்து 2024 ஜனவரியில் தன் கன்சர்வேட்டிவ் கட்சியையும் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியையும் விட்டு விலகினார். உரிமமும் நிகரச்சுழியும் ஒத்துப்போகும் என்றது அவருடைய கட்சியின் அரசு, ஒத்துப்போகாது என்றார் அவர். 2025-இல் கன்சர்வேட்டிவ் தலைவர் கெமி பேடனாக், 2050-க்குள் நிகரச்சுழியை எட்டவே முடியாது என்றார் மார்ச்சில். சட்டத்தையே ரத்து செய்வோம் என்றார் அக்டோபரில். அதே கட்சியின் தெரசா மே அதைக் கண்டித்தார். எதிர்ப்பக்கம் தொழிற்கட்சியின் எட் மிலிபாண்ட், 2008-இல் அந்தச் சட்டம் நிறைவேறியபோது பொறுப்பில் இருந்த அமைச்சர், 2024-இல் மறுபடி அதே பொறுப்புக்கு வந்தவர். இத்தனை பேர் வாக்கியத்திலும் ‘நிகரச்சுழி’யைப் போட்டு எழுதினேன், யாருக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ ஒலிக்கவில்லை. மிலிபாண்ட் பொறுப்பேற்ற அமைச்சகத்தின் பெயர் ‘எரிசக்திப் பாதுகாப்பு மற்றும் நிகரச்சுழித் துறை’ என்று வருகிறது, பெயர்ப்பலகையில் எழுதினாலும் உறுத்தாது.

நம் ஊர்ச் செய்திக்கும் பொருந்துகிறது. 2021 நவம்பர் 1 அன்று கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், இந்தியா நிகரச்சுழியை எட்டும் ஆண்டாகப் பிரதமர் மோடி 2070-ஐ அறிவித்தார். அது பிரிட்டன் போலச் சட்டத்தில் ஏறவில்லை. 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எரிசக்திச் சேமிப்புத் திருத்தம் கரிம வரவு வணிகத்துக்கு வழி செய்ததே தவிர, ஆண்டு எதையும் எழுதிவைக்கவில்லை. எனவே ‘இந்தியாவின் நிகரச்சுழி அறிவிப்பு’ என்று எழுதலாம், ‘நிகரச்சுழிச் சட்டம்’ என்று எழுதக் கூடாது.

அதே கிளாஸ்கோ மாநாட்டின் கடைசி நேரத்தில் இந்தியா கேட்டு மாற்றவைத்த சொல் ஒன்றும் நம் பட்டியலில் காலியாகக் கிடக்கிறது. நிலக்கரி மின்சாரத்தை ‘ஃபேஸ் அவுட்’ செய்வது என்ற வாசகம் ‘ஃபேஸ் டவுன்’ ஆனது, தலைமை தாங்கிய அலோக் சர்மா அவையில் மன்னிப்புக் கேட்டுக் குரல் தழுதழுத்தார். முன்னதற்குப் ‘படிப்படியாகக் கைவிடல்’, பின்னதற்குப் ‘படிப்படியாகக் குறைத்தல்’ என்று வைக்கலாமா? கருத்து சொல்லுங்கள். ‘கார்பன் பட்ஜெட்’டை இதோடு கலக்க வேண்டாம், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அங்கே ‘வரவுசெலவுத் திட்டம்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், அது ஐந்தாண்டுக்கான உச்சவரம்பு, அதில் வரவு என்று எதுவும் கிடையாது.