புகைக்குச்சிக்கும் புகையூட்டிய சாசேஜுக்கும் எந்த உறை?

கேள்வி: ஒன்ராறியோவாசி

வணக்கம். நவம்பரில் வேட்டைக்குச் சென்று வந்த அலுவலக நண்பர் கொடுத்த மான் இறைச்சியில் நான்கு கிலோவை அரைத்து, பன்றிக் கொழுப்புச் சேர்த்து, ஸ்னாக் ஸ்டிக் எனப்படும் மெல்லிய புகைக்குச்சிகள் செய்ய முயன்றேன். கடையில் கிடைத்த 21 மி.மீ. கொலாஜன் உறையில் நிரப்பி ஸ்மோக்கர் எனும் புகைக்கூட்டின் கம்பியில் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது பாதிக்கு மேற்பட்டவை அறுந்து அடித்தட்டில் கிடந்தன. அன்றே பன்றிக்குடலில் செய்த பெரிய சாசேஜ்கள் அறுந்து விழவில்லை என்றாலும், கடித்தால் உறை ரப்பரைப்போல இழுபட்டது. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி உண்பதில்லை. கொலாஜன் உறை எதிலிருந்து செய்யப்படுகிறது?

மறுமொழி: விஸ்கான்சின் அண்ணன்

தம்பி, கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் அதுவே உங்கள் தேர்வைத் தீர்மானிக்கும். சந்தையில் உள்ள கொலாஜன் உறைகளில் பெரும்பாலானவை மாட்டுத்தோலிலிருந்து வருபவை. தோலின் உட்படலத்தைக் கூழாக்கி, குழாய் வடிவில் பிதுக்கி, உலர்த்திச் சுருக்கி விற்கிறார்கள். பன்றியிலிருந்து செய்யப்படுபவையும் உண்டு என்றாலும், பொதியில் தெளிவாக அச்சிட்டிருந்தாலன்றி மாடு என்றே கொள்ளுங்கள். மானும் பன்றியும் மட்டுமே கலந்தோம் என்று நிம்மதியாகப் பரிமாறும் பலர் உறையை மறந்துவிடுகிறார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் பரிமாறினேன்.

அறுந்து விழுந்ததற்குக் காரணம் நீங்கள் வாங்கிய வகை. கொலாஜனில் இரண்டு உண்டு. காலை உணவுச் சாசேஜுக்கான வகை, வாணலியில் வதக்கும்போது மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக மெல்லியதாகச் செய்யப்படுவதால், தொங்கும் எடையைத் தாங்காது. புகையூட்டுவதற்கான வகை அதைவிடத் தடித்தது. இரண்டும் 21 மி.மீ. அளவில் கிடைப்பதால் அளவை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற நேரும். மெல்லிய வகை ஏற்கெனவே கையில் இருந்தால், தொங்கவிடாமல் வலைத்தட்டில் கிடத்திப் புகையூட்டலாம்.

மறுமொழி: உப்புக்குடல்

மாடு வேண்டாம் என்றால் செம்மறியாட்டுக் குடலே உங்கள் குச்சிக்கு உகந்தது. 19 முதல் 21 மி.மீ. வரையுள்ளது மெல்லிய குச்சிக்கும், 22 முதல் 24 வரையுள்ளது சற்றுப் பருமனானதற்கும் பொருந்தும். விலை கூடுதல், அவசரப்பட்டால் கிழியும், நிரப்பும் குழாய் ஏறக்குறைய 12 மி.மீ. தடிப்புக்குள் இருக்க வேண்டும். ஆனால் கடிக்கும்போது ‘டக்’கென்று உடையும் அந்தச் சுகத்தைக் கொலாஜனில் நான் கண்டதில்லை.

பன்றிக்குடல் ரப்பரானதற்கு, பெரும்பாலும் போதாத ஊறலும் அவசரச் சூடுமே காரணமாக இருக்கும். உப்பைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் குறைந்தது ஒரு மணி நேரம் ஊறவைத்து, குழாய் நீரை உள்ளே செலுத்தி முழு நீளத்தையும் அலச வேண்டும். அப்போது ஓட்டைகளும் தெரிந்துவிடும். பெரிய சாசேஜுக்கு 32–35 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் உறையும் தடிக்கும். புகைக்கூட்டில், முதல் ஒரு மணி நேரம் 50–55 பாகையில் புகையின்றி வைத்து மேற்பரப்பை உலர்த்துங்கள். ஈரமான உறையில் புகை திட்டுத்திட்டாகப் படிந்து கசக்கும். பிறகு புகையைத் தொடங்கிச் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, உள்ளிறைச்சி 71 பாகை செல்சியஸை எட்டும்வரை காத்திருங்கள். கூட்டின் சூடு 80 பாகையைத் தாண்டினால் கொழுப்பு உருகி வழிந்து, உறை சுருங்கி வறண்டுவிடும். உள்ளே ஒரு தட்டில் நீர் வைப்பதும் உறையை மென்மையாக வைத்திருக்கும்.

மறுமொழி: விஸ்கான்சின் அண்ணன்

உப்புக்குடல் சொன்ன சூட்டில் இறைச்சி பல மணி நேரம் மிதவெப்பத்திலும் குறைந்த காற்றிலும் கிடப்பதால், பொட்டுலிசம் நச்சைத் தடுக்க நைட்ரைட் உப்புக் கட்டாயம் வேண்டும். 6.25 விழுக்காடு சோடியம் நைட்ரைட் கொண்ட இளஞ்சிவப்பு உப்பில், கொழுப்பையும் சேர்த்து ஒரு கிலோ கலவைக்கு 2.5 கிராம், கண்ணளவு கூடாது, தராசில் நிறுத்தே போடுங்கள்.

மறுமொழி: ஒன்ராறியோவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பொதியை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னதுபோலவே காலை உணவுச் சாசேஜுக்கானது, மாட்டிலிருந்து செய்யப்பட்டது. நைட்ரைட் உப்பை அளவாகவே சேர்த்திருந்தேன். செம்மறியாட்டுக் குடலை 91 மீட்டர் கொத்தாகத்தான் விற்கிறார்கள். மான் இறைச்சி மூன்று கிலோவே மிச்சம். மீதிக் குடலை என்ன செய்வது? செல்லுலோஸ் உறையைப் பற்றியும் கேள்விப்பட்டேன். அது தாவரப் பொருள்தானே?

மறுமொழி: உப்புக்குடல்

தாவரப் பொருள்தான், ஆனால் உண்ணத்தக்கதன்று. வெந்தபின் உரித்தெறிய வேண்டும். தோலில்லா ஃபிராங்க்பர்ட்டர் சாசேஜ்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. நாற்பது குச்சிகளை ஒவ்வொன்றாக உரிக்கும் பொறுமை எனக்கில்லை. மீதிக் குடலைப் பொறுத்தவரை, ஊறவைக்காத பகுதியைக் கல் உப்பில் நன்கு புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைநிலைப் பெட்டியில் வைக்க வேண்டாம். அடுத்த வேட்டைக்காலம் வரை கெடாது.