கணக்காய்விலிருந்து முதலீட்டுத் துறைக்கு: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் சிலரின் அனுபவங்கள்

கல்லடிக்காரன்:

இந்தப் பக்கம் மாற நினைக்கும் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் பரீட்சை எடுக்கலாம் அண்ணா?" என்றுதான். பரீட்சையை மற்றவர்கள் சொல்லட்டும். வேலையின் சுபாவம் எவ்வளவு வேறு என்பதை நான் சொல்கிறேன்.

மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன ஓடிட் ஃபேர்மில் தொடங்கினேன். கொழும்பில் சார்ட்டர்ட், அதாவது பட்டயக் கணக்காளர் பயிற்சியை முடித்தேன். இப்போது ஒரு முதலீட்டு நிறுவனத்தில் பங்குகளைப் பகுப்பாய்வு செய்கிறேன். ஓடிட்டில் எண் இணங்கினால் வேலை முடிந்தது. வங்கிக் கூற்றும் காசேடும் இணங்க வேண்டும், வருமதியாளரின், அதாவது நமக்குக் காசு தரவேண்டியவரின், உறுதிக்கடிதம் பேரேட்டோடு இணங்க வேண்டும். ஆதாரம் கோப்பில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பகுப்பாய்வில் இணக்கிப் பார்க்க எதுவும் இல்லை. அடுத்த மூன்று வருட விற்பனைக்கு யாரும் வவுச்சர் தரமாட்டார்கள்.

என் நேர்முகப் பரீட்சையைச் சொன்னால் விளங்கும். ஒரு கொம்பனியின் ஆண்டறிக்கையைத் தந்து, படித்துவிட்டு வரச் சொல்லி ஒரு அறையில் விட்டார்கள். நான் பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து, குறிப்புகளில் தொடங்கினேன். இலாபம் நன்றாகக் கூடியிருந்தது. வருமதி அதைவிட வேகமாகக் கூடியிருந்தது. காசுப்பாய்ச்சல் கூற்றுக்குப் போனால் தொழிற்பாட்டிலிருந்து காசு வரவில்லை, வெளியே போயிருக்கிறது. தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பைப் புரட்டினால், வருமதியில் பெரும்பகுதி சகோதரக் கொம்பனி ஒன்றிடம் கிடக்கிறது. உள்ளே போய் இதையெல்லாம் சொன்னேன். எதிரில் இருந்தவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, "சரி தம்பி, அப்ப என்ன விலைக்கு வாங்குவீங்க?" என்றார்.

"வாங்கமாட்டேன் சேர்."

"எந்தக் கொம்பனியையும் ஏதோ ஒரு விலைக்கு வாங்கலாம். அந்த விலையைச் சொல்லுங்க."

அதுவரை அப்படி ஒரு கேள்வியை எந்த மனேஜரும் என்னிடம் கேட்டதில்லை. சகோதரக் கொம்பனியின் கடன் திரும்பாது என்று வைத்து அதை முழுதாகக் கழித்தேன். சந்தை விலையில் பாதிக்கும் கீழே ஒரு எண் வந்தது, அதைச் சொன்னேன். ஏன் அந்த எண், ஏன் அதைவிடக் கூட இல்லை என்று அரைமணி நேரம் துருவினார்கள். வேலை கிடைத்தது. அவர்களுக்குப் பிடித்தது என் எண் அல்ல, துருவியபோது நான் அதை மாற்றாமல் இருந்ததுதான் என்று பிறகு அங்கே பழகியபோது தெரிந்தது.

வட்டி வீதம் என்ற ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் புத்தகத்தில் படித்ததைவிட 2022 கற்றுத்தந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடத்தின் பிற்பாதியில் அரசின் குறுங்காலக் கடன் பத்திரமான 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டியது. வருடம் ஒரு கோடி ரூபாய் மாறாமல் தந்துகொண்டே இருக்கும் ஒரு தொழிலை எடுங்கள். அந்த ஒரு கோடியை வட்டி வீதத்தால் வகுத்தால் தொழிலின் பெறுமதி வரும். 12 சதவீதத்தில் அது 8.33 கோடி. 30 சதவீதத்தில் 3.33 கோடி. தொழிலில் ஒரு ஆணிகூடக் கழலவில்லை, வாடிக்கையாளர் ஒருவர்கூடக் குறையவில்லை, ஆனால் 5 கோடி காணாமல் போய்விட்டது. கணக்காளராக இருந்தபோது இலாப நட்டத்தில்தான் என் கண் இருந்தது. கீழே வகுக்கிற எண்ணைப் பார்க்கப் பழகியது அந்த வருடம்தான்.

சம்மாந்துறையான்:

தம்பி சொன்ன விலைக் கதை உண்மை. ஆனால் நம் பகுதிக் கணக்காளருக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, அதை நாமே மதிப்பதில்லை.

நான் பல வருடம் அரிசி ஆலைகளுக்குக் கணக்குப் பார்த்தவன். இப்போது கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தில், நடுத்தரத் தொழில்களில் முதலீடு செய்யும் பிரிவில் இருக்கிறேன். வந்த புதிதில் அம்பாறை மாவட்டத்து ஆலை ஒன்றின் கோப்பு மேசைக்கு வந்தது. நல்ல படிப்புப் படித்த இளம் பொடியன் ஒருவன் பத்து விகிதம் கணித்து, "கடன் அதிகம், தொக்கு (கையிருப்பு) தேங்கிக் கிடக்கிறது, நிராகரிக்கலாம்" என்று எழுதியிருந்தான். கணிப்பில் ஒரு பிழையும் இல்லை.

திகதியைத்தான் அவன் பார்க்கவில்லை. நம் நாட்டில் பெரும்பாலான கொம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. மார்ச் 31இல் நம் பக்கம் என்ன நடக்கும்? பெரும்போக அறுவடை பெரும்பாலும் முடிந்து, ஆலைக்காரர் ஓவர் டிராஃப்டை விளிம்பு வரை எடுத்து நெல்லை வாங்கிக் குவித்திருப்பார்கள். வருடத்திலேயே தொக்கும் கடனும் உச்சியில் நிற்கும் நாளில் எடுத்த படம் அந்த ஐந்தொகை. அதே ஆலையைச் சிறுபோக நெல் வர முன்னம் பார்த்தால் களஞ்சியம் காலி, கடனும் வடிந்திருக்கும். மாதாந்த வங்கிக் கூற்றுகளை வரவழைத்து, பன்னிரண்டு மாதத்துக்கும் கடன் மீதியை ஒரு கோடாக வரைந்து காட்டினேன். ஒவ்வொரு வருடமும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறது. தேக்கம் என்றால் அது இறங்காது.

அடுத்தது ஈரப்பதன். ஆலையில் இருப்பெடுக்கப் போனவர்களுக்குத் தெரியும், மூட்டையை எண்ணினால் போதாது. காய்ந்த நெல் என்று கணக்கிட 14 சதவீத ஈரப்பதன் வேண்டும். வயலிலிருந்து நேரே வந்த பச்சை நெல் 20க்கு மேல் இருக்கும். 20இல் வாங்கிய 100 கிலோ, 14க்குக் காயும்போது 93 கிலோதான். பேரேட்டில் 100 கிலோவாகவே கிடந்தால் தொக்கில் 7 சதவீதம் வெறும் தண்ணீர். இலாபம் 4, 5 சதவீதம் நிற்கிற தொழிலில் இது சில்லறை விஷயமல்ல. நான் அந்த ஆலைக்குப் போனபோது மூட்டை அடுக்கின் நடுவே கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்த்தேன். முதலாளி சிரித்துவிட்டு, "நீங்க நம்மட ஆள்தானே நானா, மீட்டர் உள்ளுக்கு இருக்கு, எடுத்து வாறன்" என்றார். மீட்டர் எடுத்துவரச் சொன்னேன்தான், ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

முதலீடு செய்தோம். வீதத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் கேட்டோம், தண்ணீருக்கும் சேர்த்து.

காரைதீவு மருமகள்:

இரண்டு சகோதரர்களும் கொழும்புக்குப் போனவர்கள். எனக்கு அது சரிவராது, பிள்ளைகள் சின்னவர்கள். வீட்டிலிருந்தபடியே நிதியக் கணக்கு வேலை செய்கிறேன், அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பலரின் காசைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் ட்ரஸ்ட் போன்ற நிதியங்களுக்கு ஒவ்வொரு வேலை நாளும் ஒரு அலகின் விலை வெளியாக வேண்டும். கையிலிருக்கும் உண்டியல்களுக்கும் முறிகளுக்கும் (நீண்டகாலக் கடன் பத்திரங்களுக்கும்) அன்றைய வட்டியைச் சேர்ப்போம். பங்குகளை அன்றைய இறுதி விலைக்குக் கொண்டுவருவோம். முகாமைக் கட்டணத்தையும் மற்றச் செலவுகளையும் கழித்து, மிச்சத்தை அலகுகளின் தொகையால் வகுப்போம். கணக்காளருக்கு இது தாய்வீடு. ஒருமுறை அலகு விலை எதிர்பார்த்ததைவிட ஒரு சில சதம் கூடுதலாக வந்தது. இரட்டைப்பதிவு எல்லாம் இணங்குகிறது, ஆனால் விலை தவறு என்று மனம் சொல்கிறது. தேடிப் பார்த்தால், வட்டித் திகதிகளுக்கு நடுவில் வாங்கிய ஒரு முறி. விற்றவருக்குச் சேரவேண்டிய வட்டியை வாங்கிய விலையிலும் சேர்த்து, வருமதி வட்டியிலும் சேர்த்திருக்கிறார்கள். அன்று விலை அப்படியே போயிருந்தால், அன்றைக்கு அலகு வாங்கியவர்கள் கூடக் கொடுத்திருப்பார்கள், விற்றவர்கள் கூட எடுத்திருப்பார்கள். ஓடிட்டில் பிழை கண்டால் சரிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் எழுதலாம். இங்கே பின்னேரத்துக்குள் விலை போயாக வேண்டும்.

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், இது முதலீட்டுத் துறையின் பின்கட்டு. எதை வாங்குவது என்று நான் தீர்மானிப்பதில்லை. சிலர் இதிலேயே இருந்து விடுகிறார்கள், அது குறையென்று நான் நினைக்கவில்லை. முன்கட்டுக்குப் போக விரும்புவோர் இடையில் வேறு எதையாவது படிக்க வேண்டும்.

நான் படிப்பது சீ.எஃப்.ஏ., அதாவது பட்டய நிதிப் பகுப்பாய்வாளர் பரீட்சை. மூன்று நிலை. முதல் நிலையில் 180 வினாக்கள், தலா 135 நிமிடமாக இரண்டு அமர்வு, எல்லாம் ஆங்கிலத்தில். பத்துப் பாடங்களில் நிதிக்கூற்றுப் பகுப்பாய்வு ஒன்றே ஒன்றுதான். அதனால் 'நான் சார்ட்டர்ட், பாதி தூரம் வந்தாயிற்று' என்ற நினைப்பு வேண்டாம். முறிகளும் புள்ளிவிபரவியலும்தான் நம்மவர்களை அழவைக்கும். நம்மில் பலர் உயர்தரத்தில் வணிகப் பிரிவைத் தமிழில் படித்தவர்கள், வாசிப்பு வேகம் வர நாளெடுக்கும். கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கணவர் கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மாமிதான், "பிள்ளை தொடங்கினதை விடாத, காப்பு ஒண்டு கிடக்கு" என்றார். அடகு வைக்கும் நிலை வரவில்லை, ஆனால் அந்த வார்த்தை பெரிது. மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு இருந்தபோது ஜெனரேற்றர் வைத்திருந்த கடையில் லெப்டொப்பைச் சார்ஜ் போட்டுத்தான் அலகு விலை அனுப்பினேன். இன்னொன்று, பரீட்சை மட்டும் சித்தியடைந்தால் பட்டயம் வராது. குறைந்தது 36 மாதத்தில் 4,000 மணிநேரத் தொடர்புடைய வேலை அனுபவமும் காட்ட வேண்டும்.

வாழைச்சேனை:

நான் போய்த் திரும்பி வந்தவன். எல்லோரும் ஏறின கதை சொன்னால் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள், அதுதான்.

கணக்காளராக இருந்துவிட்டு கொழும்பில் ஒரு தரகு நிறுவனத்தில் முதலீட்டு ஆலோசகராகச் சேர்ந்தேன். அதற்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவில் பதிவு வேண்டும். சம்பளம் சின்னது, மிச்சம் கொமிஷன். இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், "முதலீட்டு" என்று பெயரில் வருகிற பல வேலைகள் விற்பனை வேலைகள். வாடிக்கையாளர் வாங்கினால் எனக்குக் காசு, விற்றால் காசு, சும்மா வைத்திருந்தால் இல்லை. அவருக்கு நல்லது பெரும்பாலும் சும்மா வைத்திருப்பதுதான்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. 18 முதல் 22 வரை பங்குச் சந்தையே மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்ததும் விலைகள் சரிந்து, அன்றைய வர்த்தகத்தை இடையில் நிறுத்தினார்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களின் அழைப்புகளை அந்த வாரம் எடுத்தவர்களுக்குத்தான் அந்த வேலை என்னவென்று தெரியும். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எடுத்து, ஏசுவார் என்று நினைத்தால், "சாப்பிட்டீங்களா மகன்?" என்று கேட்டார். அவர் தன் ஓய்வூதியப் பணிக்கொடையில் பாதியை என்னிடம் கேட்டுத்தான் போட்டவர். பங்குகளை விற்காமல் வைத்திருந்தார், பிற்காலத்தில் மீண்டது. அன்றைக்கு அது தெரியாதே.

இப்போது ஊரில் கணக்கு ஒபிஸ் வைத்திருக்கிறேன். வரி, ஊழியர் சேமலாப நிதி, கடைக் கணக்கு. வாடிக்கையாளரிடம் ஒரு முறி, ஒரு வைப்பு, இரண்டின் உண்மையான வருவாயை வரி கழித்து ஒப்பிட்டுக் கொடுக்கிறேன், எதை வாங்கு என்று சொல்வதில்லை. முதலீட்டுப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அந்த ஒப்பீடு எனக்குத் தெரிந்திராது. மனசுக்கும் இது ஒத்துவருகிறது.

ஒலுவில் மாணவி:

நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம், மூன்றாம் வருடம். சார்ட்டர்ட் பாதியில் நிற்கிறது. அதை விட்டுவிட்டு நேரே சீ.எஃப்.ஏ.க்குப் போகட்டுமா?

காரைதீவு மருமகள்:

தங்கச்சி, பட்டம் முடிய 23 மாதத்துக்குள் இருந்தால் முதல் நிலைக்குப் பதியலாம், அந்தத் தடை உங்களுக்கு இல்லை. ஆனால் நம் ஊரிலிருந்து போகிறவரைக் கொழும்பில் முதலில் எடுப்பது சார்ட்டர்ட் பயிற்சியைப் பார்த்துத்தான். என்னைக் கேட்டால் அதை முடியுங்கள்.

கல்லடிக்காரன்:

இரண்டில் எதற்கும் காசு கட்ட முன்னம் ஒன்று செய்யுங்கள், செலவில்லை. கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எல்லாப் பட்டியற்படுத்தப்பட்ட கொம்பனிகளின் ஆண்டறிக்கைகளும் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து, ஐந்து வருடத்துக் காசுப்பாய்ச்சலை எக்ஸலில் போட்டு, ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்ன விலைக்கு வாங்குவேன், ஏன். அதை எழுதும்போது நேரம் போனது தெரியாவிட்டால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும்.

ஒலுவில் மாணவி:

எந்தக் கொம்பனியை எடுப்பது அண்ணா? வங்கி ஒன்று எடுக்கவா?

சம்மாந்துறையான்:

வங்கி வேண்டாம் மகள், அதன் ஐந்தொகை வேறு உலகம், முதலிலேயே வெறுத்துப்போகும். வீட்டுக் குசினியில் இருக்கும் ஏதாவது ஒரு சாமானைச் செய்கிற கொம்பனியை எடுங்கள். கடைக்காரரிடம் அது எப்படி ஓடுகிறது, எத்தனை நாள் கடனுக்குத் தருகிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். எழுதினதை இங்கேயே போடுங்கள், நாங்கள் எல்லோரும் துருவுகிறோம்.