அலுவல் ஆய்வுக் குழுத் தலைவர் தம்பிதுரையா? அளந்து விடாதீர்கள்

மொரப்பூர் பயணி:
நேற்று வேறொரு இழையில் பர்கூரான் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். "டெல்லியில் எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்யும் அலுவல் ஆய்வுக் குழுவுக்கே தலைவராக இருந்தவர் எங்கள் தம்பிதுரை. அவர் இல்லாமல் மக்களவை ஓடியிருக்காது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மக்களவை அலுவல் ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் சபாநாயகர்தான். 1985-ல் பல்ராம் ஜாக்கர், 2014-ல் சுமித்ரா மகாஜன். அந்த இரண்டு முறையும் துணை சபாநாயகராக இருந்த அ.தி.மு.க.வின் தம்பிதுரை எப்படித் தலைவர் ஆவார்? ஊர்ப்பாசம் இருக்கட்டும், அதற்காக இல்லாத நாற்காலியில் ஆளை உட்கார வைக்காதீர்கள்.

பர்கூரான்:
வந்துவிட்டீர்களா? உங்களைத்தான் எதிர்பார்த்தேன். மக்களவை விதி 258-ஐ எடுத்துப் படியுங்கள். துணை சபாநாயகர் ஒரு குழுவில் உறுப்பினராக இருந்தால் அவரைத்தான் அந்தக் குழுவுக்குத் தலைவராக நியமிக்க வேண்டும். வேறு எந்த எம்.பி.க்கும் இந்த உரிமை கிடையாது. 37 வயதில், 1985 ஜனவரியில் அந்தப் பதவிக்கு வந்தவர். 2014 ஆகஸ்டில் மறுபடியும், அதுவும் ஒருமனதாக. இரண்டு முறை சும்மா கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்களா?

மொரப்பூர் பயணி:
நான் கேட்டது அலுவல் ஆய்வுக் குழு. அதற்குத் தலைவர் யார்?

பர்கூரான்:
விதி 258 என்கிறேன், நீங்கள் அதைத் தொடவே மாட்டேன் என்கிறீர்கள். சரி, அமைச்சர் அல்லாத எம்.பி.க்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதா, தீர்மானங்களுக்கான குழுவுக்குத் தலைவர் யார்? துணை சபாநாயகர். கூட்டத்தொடர் நடக்கும்போது வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம் அவர்களுடையது. ஒரு வாரம் மசோதா, அடுத்த வாரம் தீர்மானம் என்று மாறி மாறி வரும். அதில் எதற்கு எவ்வளவு நேரம் என்று பரிந்துரைப்பது அந்தக் குழு. மசோதாக்களின் அவசரம், முக்கியத்துவம் பார்த்து வகை பிரிப்பதும் அதே குழு. கட்சித் தலைமையின் தயவு இல்லாத சாதாரண எம்.பி. தன் தொகுதிக் கவலையை ஒரு மசோதாவாக எழுதிக் கொண்டுவர இருக்கிற ஒரே வாசல் அது. அந்த வாசலில் நின்றவர் நம் ஊர்க்காரர். நேரம் ஒதுக்கினார் என்று நான் சொன்னதில் என்ன தப்பு?

பாலக்கோடு தக்காளி:
நம் ஊர்க்காரர் என்று சொல்வதற்கு முன்னால், எந்த ஊர் என்று சொல்லுங்கள். 1984-ல் அவரை ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பியது தருமபுரி தொகுதி. கிருஷ்ணகிரிக்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டாம்.

பர்கூரான்:
பிறந்தது பர்கூர் பக்கம். 2001-ல் எம்.எல்.ஏ. ஆனதும் பர்கூரில். மாவட்டத்தைப் பிரித்ததே 2004-ல் தான் தக்காளி. அதற்கு முன்னால் எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம். ஓட்டுப் போட்டதைச் சொல்லிக் காட்டுகிறீர்களே, 2014-ல் ஓட்டுப் போட்டது கரூர். அவர்கள் வந்து கேட்டால் எங்கே போவீர்கள்?

மொரப்பூர் பயணி:
அதே கரூர் 2019-ல் 4 லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு முறையும் பதவி கிடைத்தது ஏன் என்றும் சொல்லுங்கள். 1985-ல் காங்கிரஸோடு கூட்டணி. 2014-ல் அ.தி.மு.க.வுக்கு 37 எம்.பி.க்கள், சபையில் மூன்றாவது பெரிய கட்சி. எண்ணிக்கை கொடுத்த பதவியை ஆளின் திறமையாக மாற்றுகிறீர்கள். அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை மசோதா. 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமாகவில்லை. சுதந்திரத்துக்குப் பின் மொத்தமே 14-தான் சட்டமாயின. அதற்கு நேரம் ஒதுக்கியதைத்தான் மக்களவையையே ஓட்டினார் என்கிறீர்களா?

பர்கூரான்:
சட்டமாகாவிட்டால் பயன் இல்லை என்று யார் சொன்னது? திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. அதற்குப் பிறகுதான் அரசு 2016-ல் தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவந்தது. 2019-ல் சட்டமும் வந்தது. அரசை அசைத்தது எது?

மொரப்பூர் பயணி:
அது மாநிலங்களவை ஐயா! உங்கள் ஆள் அப்போது உட்கார்ந்திருந்தது மக்களவையில். அந்தச் சபைக்கு அவர் போனதே 2020-ல். அடுத்தவர் உழைப்பையும் இவர் கணக்கில் எழுதுகிறீர்கள். அலுவல் ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் யார் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

ஊத்தங்கரை டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். நாடாளுமன்ற வேலையில் பெரும்பகுதி நடப்பது துறைவாரி நிலைக்குழுக்களில். 1993-ல் 17 குழுக்களோடு ஆரம்பித்தார்கள், பிறகு 24 ஆனது. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அரசுத் துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது அங்கேதான். ஒரு எம்.பி.யை எடை போட வேண்டுமானால் அங்கே என்ன கேட்டார் என்று பாருங்கள். யார் தலைவர் என்ற சண்டை எதற்கு?

பர்கூரான்:
டீச்சர், நீங்கள் சொல்வது வேறு விஷயம். இங்கே பேச்சு விதி 258.

மொரப்பூர் பயணி:
இல்லை. இங்கே பேச்சு அலுவல் ஆய்வுக் குழு.

கே.ஆர்.பி. அணை:
மொரப்பூர் அண்ணா கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2018 பட்ஜெட் கூட்டத்தொடர் ஞாபகம் இருக்கிறதா? சபையின் மையப்பகுதிக்குப் போய்ப் பதாகை பிடித்து நின்றது இவர் கட்சி எம்.பி.க்கள். தினமும் ஒத்திவைப்பு. அந்த மார்ச்சில் நிதி மசோதாவே விவாதம் இல்லாமல் நிறைவேறியது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 50 பேர் இருக்கிறார்களா என்று எண்ணக்கூட முடியவில்லை, சபை ஒழுங்கில் இல்லை என்றார் சபாநாயகர். சபையை நடத்தியவர் என்கிறீர்களே, சொந்தக் கட்சியை நடத்த முடிந்ததா?

பர்கூரான்:
அவர்கள் நின்றது எதற்கு? காவிரி மேலாண்மை வாரியத்துக்கு. ஒகேனக்கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இதைக் கேட்க உங்களுக்கு எப்படி மனது வந்தது? பதாகை பிடித்தவர்கள் கட்சிக்காரர்கள். துணை சபாநாயகர் நாற்காலி வேறு, கட்சி வேறு.

கே.ஆர்.பி. அணை:
காவிரி என்றால் கிருஷ்ணகிரி எம்.பி.யாக இருந்த வாழப்பாடி ராமமூர்த்தியைச் சொல்லுங்கள். 1991-ல் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த மத்திய அமைச்சர். காவிரிக்காகப் பதவியை விட்டுவிட்டு வெளியே வந்தார். விட்டவர் பெரியவரா, பிடித்துக்கொண்டவர் பெரியவரா?

பாலக்கோடு தக்காளி:
வாழப்பாடி இருப்பது சேலம் மாவட்டம். அவரையும் கிருஷ்ணகிரிக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்றா? 1977-ல் அவரை ஜெயிக்க வைத்ததே தருமபுரி!

பர்கூரான்:
வாழப்பாடியாரும் தம்பிதுரையும் 1998-ல் வாஜ்பாய் அமைச்சரவையில் ஒன்றாக இருந்தவர்கள். அவர் பெட்ரோலியம், இவர் சட்டம். ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்தாதீர்கள். துணை சபாநாயகர் நாற்காலியின் மதிப்பு என்ன என்று கேட்டால் சொல்கிறேன். அரசியல் சட்டம் 93-வது பிரிவு, சபாநாயகர், துணை சபாநாயகர் இருவரையும் கூடிய சீக்கிரம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சபாநாயகர் ராஜினாமா செய்தால் கடிதம் கொடுப்பது பிரதமரிடம் அல்ல, குடியரசுத் தலைவரிடமும் அல்ல, துணை சபாநாயகரிடம். அப்படிப்பட்ட இடம்.

மொரப்பூர் பயணி:
அப்படிப்பட்ட இடத்தை 2019 முதல் 2024 வரை ஐந்து வருஷமும் காலியாகவே வைத்திருந்தார்கள். சபை கூடியது, மசோதாக்கள் நிறைவேறின. மாற்றுத் தலைவர்கள் பட்டியலில் இருந்தவர்கள் மாறி மாறி உட்கார்ந்து நடத்தினார்கள். அவர் இல்லாமல் ஓடாது என்றீர்களே?

பர்கூரான்:
ஓடியதா? எதிர்க்கட்சியின் குரல் எப்படி ஓடியது என்று பார்த்தோமே. ஒரு மக்களவை தன் காலம் முழுக்கத் துணை சபாநாயகர் இல்லாமல் முடிந்தது அதுதான் முதல் முறை. அது வெட்கம். அதை உங்கள் வாதத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவருகிறீர்களே, உங்களுக்கு மொரப்பூர் ரயில் பாதை வராத கோபம். அதை இங்கே கொட்டுகிறீர்கள்.

மொரப்பூர் பயணி:
ஆமாம், கோபம்தான். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 36 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிய ரயில். 1941-ல் நிறுத்தினார்கள். இந்தத் தொகுதி எம்.பி. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த 1985-லிருந்து 1989 வரை ஒரு தண்டவாளமாவது வந்ததா?

பர்கூரான்:
ரயில் பாதை போடுவது துணை சபாநாயகர் வேலையா? விதி 258-ல் அது எங்கே இருக்கிறது? அவர் வேலை சபை. 2019 ஜனவரியில் பொதுப்பிரிவு ஏழைகளுக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டு மசோதா வந்தபோது தலைமை இருக்கையை விட்டு இறங்கி, சாதாரண உறுப்பினராக எழுந்து எதிர்த்துப் பேசினார். தலைமை தாங்காத நேரத்தில் அவருக்கு அந்த உரிமை உண்டு. அரசோடு நட்பாக இருந்த நாட்களிலேயே அப்படிப் பேசினார். எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

கே.ஆர்.பி. அணை:
பேசினார், சரி. ஓட்டு எங்கே? எதிர்த்து ஓட்டுப் போடாமல் வெளிநடப்பு.

பர்கூரான்:
வெளிநடப்பும் எதிர்ப்புதான். எதிர்த்து விழுந்ததே மூன்று ஓட்டுதான். ஆதரித்துக் கை தூக்கிய கட்சிகளிடம் போய்க் கேளுங்கள், இங்கே வந்து கேட்காதீர்கள்.

பாலக்கோடு தக்காளி:
யாரைச் சொல்கிறீர்கள்? எந்தக் கட்சி என்று பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மாங்காய் விலை இழையிலும் இப்படித்தான் பெயர் சொல்லாமல் எங்களைக் குத்தினீர்கள்.

பர்கூரான்:
மாங்காய் விலையில் நான் சொன்னது இன்றைக்கும் சரி. அதை வேண்டுமானால் தனி இழையாகப் போடுங்கள், வருகிறேன்.