பட்டாணிக்குருவியின் தீனி வேகம் வம்சத்தில் வருவதா?

நாகலூர் காப்பிக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். வாசலில் நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் மூன்று வருஷம் முன்னால் ஒரு மரப்பெட்டி கட்டினேன். பட்டாணிக்குருவி குடிவந்தது. இந்த மார்கழியில் ஒரு ஜோடி பெட்டியைச் சுற்றியே இருக்கிறது. காலை ஆறே கால், பனி விலகியிருக்காது. ஆண் (வயிற்றுக் கறுப்புப் பட்டை அகலமாக இருப்பது) இறகை உப்பிக்கொண்டு பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். பெண் அதற்குள் நாலு கிளை மாறிவிடும். புழுவைக் காலடியில் அமுக்கிக்கொண்டு கொத்திக் கொத்தித் தின்னும். போன ஞாயிறு ஒரு மணி நேரம் எண்ணினேன். ஆண் 11 தடவை இரை எடுத்தது, பெண் 26 தடவை.

அப்பா ஓமலூரில் சேவல் வளர்த்தவர். "இது தீனிக்குப் பறக்கிற வம்சம், இது கொஞ்சத்தில் நிற்கிற வம்சம்" என்று குஞ்சிலேயே பிரித்துவிடுவார். பெட்டையைப் பார்த்துத்தான் குஞ்சு எடுப்பார். காட்டுப் பறவைக்கும் இது பொருந்துமா? உடம்பு எரிக்கிற வேகம் மரபணுவில் வருவதா? அப்படியானால், குறைச்சலாகத் தின்று பிழைப்பதுதானே லாபம்? இத்தனை தலைமுறையில் எல்லாமே அப்படி ஆகியிருக்க வேண்டாமா?

கன்னங்குறிச்சி டீச்சர்:

தம்பி, இருபத்தெட்டு வருஷம் விலங்கியல் நடத்தினேன். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. தின்பதை எண்ணினால் எரிப்பது தெரியாது. பெண் முந்தின சாயங்காலம் சரியாகத் தின்னாமல் இருந்திருக்கலாம், நல்ல கிளையை ஆண் பிடித்து வைத்திருக்கலாம். எரிக்கிற வேகத்தை அளக்க வேறு வழி. பறவையை ராத்திரி, காலி வயிற்றோடு, இருட்டுப் பெட்டியில், குளிரும் உறைக்காத வெப்பமும் தாக்காத சூட்டில் விட்டு, காற்றிலிருந்து எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அடுப்பைச் சிம்மில் வைத்தால் எவ்வளவு எரிகிறதோ, அந்த மாதிரி. அதுதான் அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம்.

இப்போது வம்சம். உங்கள் குருவிக்கு உறவான நீலப் பட்டாணிக்குருவியை வைத்து சுவீடனில் பார்த்திருக்கிறார்கள், 2009இல் வெளிவந்தது. ஒரு கூட்டுக் குஞ்சுகளில் சிலவற்றை இன்னொரு கூட்டுக்கு மாற்றிவிடுவது. பெற்றவர் ஒருவர், வளர்ப்பவர் ஒருவர். அப்புறம் அளந்தால், பெற்ற கூட்டின் சாயல் எவ்வளவு, வளர்ந்த கூட்டின் சாயல் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். வேகத்தில் தெரிந்த வேறுபாட்டில் கணிசமான பங்கு பெற்றவர் வழி வந்ததாகத்தான் இருந்தது. உங்கள் அப்பா கண்ணால் பிரித்ததை இவர்கள் கணக்கால் பிரித்திருக்கிறார்கள்.

பெட்டையைப் பார்த்து எடுப்பார் என்றீர்களே, அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். செல்லுக்குள் ஆக்சிஜனை எரிக்கிற இடம் மைட்டோகாண்ட்ரியா. அதற்குத் தனியாக டிஎன்ஏ உண்டு, அது தாய் வழியாக மட்டும் இறங்கும். அதில் புரதம் செய்கிற மரபணு 13 தான். மற்றதெல்லாம் அப்பா அம்மா இருவரிடமும் வருகிற உட்கருவில். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுப்பு சீராக எரியும். அதனால் தாய் வழிக்கு ஒரு தனி எடை உண்டு. அது மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது.

நாமக்கல் தீவனம்:

கோழித் தீவனம் கலக்கிற வேலையில் இருக்கிறேன். ஒரே எடை, ஒரே வளர்ச்சி உள்ள இரண்டு கோழி வேறு வேறு அளவு தின்னும். அந்த வித்தியாசம் வம்சத்தில் இறங்குகிறது. அதைப் பார்த்து ஜோடி சேர்த்துத்தான் பிராய்லர் ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ தாண்டுகிறது. ஆனால் அதற்கு ஷெட்டும் தடுப்பூசியும் வேளாவேளைக்குத் தீனியும் நாங்கள் தருகிறோம். காட்டில் யார் தருவார்கள்?

கன்னங்குறிச்சி டீச்சர்:

எல்லாமே ஏன் குறைச்சலாகத் தின்பதாக ஆகவில்லை என்று தம்பி கேட்டாரே, அதற்கு விடை இதில்தான் இருக்கிறது. அதிகம் எரிக்கிற பறவைக்குப் பெரும்பாலும் குடல், கல்லீரல், இதயம் பெரிது. புழு மலிந்த வருஷத்தில் ஓடி ஓடிக் குஞ்சுக்கு ஊட்ட அது உதவும். மழை பொய்த்த வருஷத்தில் அதே உடம்புக்குத் தீனி போட்டு மாளாது, கொஞ்சத்தில் நிற்கிறதுதான் தப்பும். வருஷம் மாற மாற ஜெயிக்கிற பக்கமும் மாறுவதால் இரண்டு ரகமும் மிஞ்சுகின்றன.

ஊரின் தட்பவெப்பமே எப்போதும் வேறாக இருந்தால் கதை வேறு. பனாமாவில் 69 வகைப் பறவைகளை அளந்து 2007இல் எழுதினார்கள். குளிர்நாட்டுப் பறவைகளைவிட அவற்றின் வேகம் சுமார் 18 சதவீதம் குறைவு. அது வெறும் வெயில் பழக்கமா? கென்யா, அயர்லாந்து, ஆஸ்திரியா, கஜகஸ்தான் நாலு இடத்துப் புதர்ச்சிட்டுகளை ஜெர்மனியில் ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள் (2003). அங்கேயும் கென்யக் குருவி மெதுவாகத்தான் எரித்தது. அது பிறவிக் குணம்.

நம் மலையில் இதை யாராவது பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கீழே சேலத்தில் மூக்கனேரி ஏரிக் கரைக்கும் உங்கள் வாசலுக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம், ஏழெட்டு டிகிரி குளிர். ஆனால் பறவையைப் பிடிக்க வேண்டாம், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். தொடாமல் ஒன்று செய்யலாம். கிராமில் தசமம் காட்டுகிற மின்தராசின் மேல் ஒரு குச்சியை நட்டு, பக்கத்தில் தண்ணீர்த் தட்டு வையுங்கள். அடையப் போகுமுன் ஒரு எடை, விடிந்ததும் இரை எடுக்குமுன் ஒரு எடை. குளிர் ராத்திரியில் சிறு பறவைக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறையும். எச்சமும் ஈரமும் சேர்ந்ததுதான், துல்லியம் கிடையாது. ஆனாலும் இருவரில் யார் அதிகம் இழக்கிறார் என்று தெரியும்.

நாகலூர் காப்பிக்காடு:

டீச்சர், செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பா மகன் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறான். கொலுசு நிறுக்கிற பழைய தராசு சும்மா கிடக்கிறதாம், சனிக்கிழமை போய் எடுத்து வருகிறேன். பனியில் இறகு நனைந்தால் எடை கூடிக் காட்டுமே?

கன்னங்குறிச்சி டீச்சர்:

காட்டும். மூட்டம் போட்ட நாளைத் தனி நோட்டில் எழுதுங்கள். குச்சியைத் தினமும் துடைத்துவிட்டு, பறவை வருமுன் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள்.