உதவி வேணும்: பேர் தெரியாத கள்ளிச் சாடியள், எது என்ன எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

உப்புவெளி_தோட்டம்:
வணக்கம் எல்லாருக்கும். பெரியம்மா வவுனியாவுக்கு வீடு மாறேக்க தன்ர சாடியள் முழுக்க எனக்குத் தந்திட்டுப் போயிட்டா, ஒண்டிலயும் பேர் இல்ல, அவவுக்கும் தெரியாது, வித்தவை எல்லாத்தையும் காக்டஸ் எண்டுதான் குடுத்தவையாம். ஐப்பசி பிறந்தால் இஞ்ச மழை விடாது தானே, அதுக்கு முதல் எதை உள்ளுக்கு எடுக்கிறது எண்டு தெரியவேணும். ஒண்டு என்ர நெஞ்சளவு உயரம், மூண்டு பட்டை, விளிம்பில சோடி சோடியா முள்ளு, முறிஞ்ச இடத்தில பால் வடியுது. மற்றது உருண்டை, பட்டையே இல்ல, உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன முகிழ், உச்சியைச் சுத்தி வளையமா றோஸ் பூ. பச்சைத் தண்டில சிவப்பு உருண்டை இருக்கிறது ஒண்டு. கடைசி நேர்ப் பட்டையோட உருண்டை, அடியில கனக்கக் குட்டி. போன் ஆப்பில படம் போட்டால் ஒவ்வொருக்காலும் ஒவ்வொரு பேர் வருது.

நிலாவெளி_கள்ளி:
தங்கச்சி, முதல் சொன்னது காக்டஸ் இல்ல எண்டுதான் நினைக்கிறன், யூஃபோர்பியா, எங்கட சதுரக்கள்ளியின்ர இனம். வடிவா உத்துப் பாருங்கோ, காக்டஸ் எண்டால் முள்ளு முளைக்கிற இடத்தில பஞ்சு மாதிரி ஒரு புள்ளி இருக்கும், ஏரியோல் எண்டுறது, முள்ளு பூ குட்டி எல்லாம் அதிலயிருந்துதான் வரும். யூஃபோர்பியாவில அது இல்ல. பாலை மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ, மமிலேரியா எண்ட காக்டஸ் வகையில சிலதிலயும் பால் வரும். ஆனா யூஃபோர்பியாப் பால் கண்ணில பட்டால் பொல்லாதது, உடன நிறையத் தண்ணியால கழுவிப்போட்டு ஆசுபத்திரிக்குப் போகவேணும், சின்னப் பிள்ளையள் இருந்தால் அந்தச் சாடியைத் தள்ளி வையுங்கோ.

மூதூர்_பச்சை:
முகிழ் முகிழா, பூ வளையமா எண்டால் மமிலேரியா. சிவப்பு உருண்டை ரெண்டு செடி அக்கா, மேல இருக்கிறது ஜிம்னோகலீசியம் எண்ட காக்டஸ் வகை, அதுக்குப் பச்சையம் இல்லாததால தனிய வாழ ஏலாது, அதான் ஒட்டி வைச்சிருக்கினம், கீழ இருக்கிறது அநேகமா ட்ராகன் ஃப்ரூட் இனம். கீழத் தண்டு அழுகினால் மேலயும் போயிடும், மழைக்கு முதல் உள்ளுக்கு எடுக்கவேண்டியது அதைத்தான், உச்சி வெய்யிலும் வேண்டாம். நாலாவதுக்கு மொட்டு வருமட்டும் பொறுங்கோ, பக்கத்தால மயிர் மூடின மொட்டு வந்து நீளக் குழாயாப் பூத்தால் எக்கினாப்சிஸ் எண்ட வகை, உச்சிக்குக் கிட்ட மயிர் முள்ளு ஒண்டும் இல்லாம வழுவழுப்பா, செதில் மட்டும் இருந்தால் அதுவும் ஜிம்னோகலீசியம்தான்.
மண் மாத்துறதெண்டால் கடற்கரை மண் போடாதேங்கோ, உப்பு. ஆத்து மணல்தான் நல்லம்.

உப்புவெளி_தோட்டம்:
ரெண்டு பேருக்கும் கனக்க நன்றி. போன் கமராவைப் பெருசாக்கிப் பாத்தன், உயரமானதில பஞ்சுப் புள்ளி இல்லவே இல்ல, மற்றதுகள் எல்லாத்திலயும் இருக்கு. நாலாவதில பக்கத்தால ஒரு மொட்டு வருது, கறுத்த மயிர். அப்ப எக்கினாப்சிஸ் தானே? எக்கினாப்சிஸில எந்த இனம் எண்டும் எழுதி வைக்கலாமோ?

நிலாவெளி_கள்ளி:
ஓம், எக்கினாப்சிஸ்தான், பொழுதுபட விரிஞ்சு அடுத்த நாள் வாடிடும், விட்டிடாதேங்கோ. இனப் பேர் எழுதவேண்டாம், வீட்டில வளக்கிறதுகளில கனக்கக் கலப்பு, எக்கினாப்சிஸ் எண்டு மட்டும் ஒரு சிட்டையில பென்சிலால எழுதிச் சாடியில குத்துங்கோ, பேனை மை மழைக்கு அழிஞ்சிடும். பூத்தால் பக்கவாட்டில எடுத்த படம் ஒண்டு போடுங்கோ, குழாய் தெரியவேணும்.